கண்மாய்க் கரையும் கற்படுக்கையும்: திருமங்கலம் சமவெளியில் ஒரு மிதிவண்டிப் பாதை

மதுரைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், குண்டாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் திருமங்கலம். தென்பாண்டி நாட்டிற்குச் செல்லும் பெருவழியில் இருப்பதால் பேருந்தும் இருப்புப்பாதையும் இவ்வூரை எந்நேரமும் பரபரப்பாக வைத்திருக்கின்றன. ஆனால் பெருஞ்சாலையை விட்டு வடமேற்கே திரும்பிச் செக்கானூரணிச் சாலையில் சிறிது தூரம் சென்றால் போதும், காட்சி மாறிவிடுகிறது. ஒருபுறம் கண்மாயின் உயர்ந்த கரை, மறுபுறம் வயல், தொலைவில் நாகமலையின் நீண்ட முதுகு. கரையில் பனையும் கருவேலமும், நீரில் நாரையும் கொக்கும். இச்சாலைகளில் மிதிவண்டியில் செல்பவருக்கு இன்று கிடைப்பது ஓர் இனிய காலைப்பொழுது மட்டுமன்று. ஏறக்குறைய 2200 ஆண்டுகளுக்கு முன் இதே நிலத்தில் காலால் நடந்த சமண முனிவர்களின் தடங்களும் கிடைக்கின்றன.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதிகளிலும் தஞ்சைப் பகுதியிலும் வாழ்கின்றன. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஜினாலயங்களையும் மேல்சித்தாமூர் மடத்தையும் அறியாத குடும்பம் இல்லை. ஆனால் தமிழ் மண்ணில் சமணத்தின் மிகத் தொன்மையான எழுத்துச் சான்றுகள் பலவும் மதுரையைச் சுற்றிய குன்றுகளில்தாம் உள்ளன. அவற்றுள் யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி ஆகிய கிழக்குப் பகுதி மலைகள் ஓரளவு பெயர் பெற்றுவிட்டன. திருமங்கலத்தை அடுத்த மேற்குப் பகுதி மலைகளை அறிந்தவர் குறைவு. இக்கட்டுரை அம்மலைகளைப் பற்றியது.

நீர்ப்பெயர் தாங்கிய ஊர்கள்

இவ்வழியில் வரும் பெயர்களைச் சற்று உற்றுக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். செக்கானூரணி என்பதில் ஊரணி இருக்கிறது. கொங்கர்புளியங்குளத்தில் குளம் இருக்கிறது. பொய்கைமலையில் பொய்கை இருக்கிறது. மதுரைக்கு மேற்கே பரந்து கிடக்கும் மாடக்குளம் கண்மாய் மிகப் பழமையானது. பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று அக்கண்மாயை அடையாளமாக வைத்துக் குறிக்கின்றன. ஒரு பேரரசின் தலைநகர், தன் முகவரியை ஒரு நீர்நிலையைக் கொண்டு சொல்லிக்கொண்ட நாடு இது.

இந்நாட்டின் மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்களையொட்டிப் பெய்து ஓய்ந்துவிடும். ஓடும் நீரை மறித்து நிறுத்தாவிட்டால் மறு ஆண்டு வரை உழவில்லை. ஆகவே மலைச்சரிவில் வழியும் நீரைக் கரை கட்டித் தேக்கினர். மடை வழியே வயலுக்கு விட்டனர். மிகுந்த நீர் கலுங்கு வழியே வெளியேறி அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்பும்படி ஒன்றோடொன்று தொடுத்தனர். மலை, மலையடியில் கண்மாய், கண்மாயின் கீழ் வயல், வயலை அடுத்து ஊர் என்னும் இவ்வரிசையை இன்றும் மாறாமல் காணலாம். 1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் கால்வாய் நீரும் இப்பக்கத்தை எட்டியது. திருமங்கலம் பிரதானக் கால்வாய் அவ்வழி வந்ததே. எனினும் கண்மாய்தான் இவ்வட்டாரத்தின் பழைய உயிர்நாடி.

சமண முனிவர்கள் தங்கிய குன்றுகள் இவ்வரிசையின் தலைமாட்டில் நிற்பது தற்செயலாகத் தோன்றவில்லை. முனிவர் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. ஆனால் ஆடி முதல் கார்த்திகை வரையிலான சாதுர்மாஸ்ய காலத்தில், ஈரமண்ணில் பெருகும் சிற்றுயிர்களுக்குக் காலடியால் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு, நடையை நிறுத்தி ஓரிடத்தில் உறைவர். அந்த நான்கு மாதங்களுக்கு அவர்களுக்குத் தேவையானவை மூன்றே. மழைக்கு ஒதுங்க ஒரு பாறை நிழல், அருகில் தூய நீர், உணவு ஏற்கச் சென்று வரத்தக்க தொலைவில் ஓர் ஊர். கண்மாய்க்கரைக் குன்றில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன. ஊருக்கு மிக நெருக்கமும் இல்லை, மிகத் தொலைவும் இல்லை. இவ்வமைப்பை மிதிவண்டியில் செல்பவர் தம் உடலாலேயே உணர்கிறார். கரை ஏறும்போது கால் கனக்கிறது, கரை இறங்கி வயல்வெளியை அடையும்போது வண்டி தானே உருள்கிறது, குன்று நெருங்கும்போது காற்று மாறுகிறது. விரைந்து செல்லும் மகிழுந்துக்குள் இவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை.

கொங்கர்புளியங்குளம்: கூரை வேய்ந்தவரின் பெயர்

செக்கானூரணியை அடைந்து தேனிச் சாலையில் மதுரையை நோக்கிக் கிழக்கே திரும்பினால் கொங்கர்புளியங்குளம் வந்துவிடும். ஊரை ஒட்டிய குன்றில் இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. அதன் தரையில் வரிசை வரிசையாகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கிய கல்லே தலையணை. இவ்வகைப் படுக்கைகளை மக்கள் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று அழைக்கின்றனர். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் அக்காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டும். இதுவே இக்குகைகள் மழைக்கால உறையுளாகப் பயன்பட்டமைக்குக் கல்லில் கிடைக்கும் நேர்ச்சான்று.

காடியை ஒட்டிப் பாறையில் மூன்று தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பெரிய எழுத்துகளில் உள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்டவை என அறிஞர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்று ‘உபசஅன்’ ஒருவரைக் குறிக்கிறது. உபாசகர் என இன்று வழங்கும் சொல்லின் பழந்தமிழ் வடிவம் இது. சமயத்தைப் பின்பற்றும் இல்லறத்தார் என்பது பொருள். மற்றொன்று பாகனூரைச் சேர்ந்த பேராதன் பிடன் என்பவர் அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. அவர் கொடுத்தது குகைக்கு முன் வேயப்பட்ட கூரை என்று பொருள் கொள்ளப்படுகிறது. பாகனூர்க் கூற்றம் என்பது பிற்காலக் கல்வெட்டுகளில் சோழவந்தான், தென்கரைப் பகுதியைக் குறிக்கும் பெயர்.

இச்செய்தியில் நின்று எண்ண வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கூரை ஓலையோ புல்லோ வேய்ந்ததாக இருந்திருக்க வேண்டும். சில மழைக்காலங்களுக்கு மேல் அது தாங்கியிருக்காது. அதை நட்ட கம்புகளும் மட்கிவிட்டன. ஆனால் கொடுத்தவரின் பெயர் 2000 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அரசர் கொடுத்த ஊரும் பொன்னும் போல இது பெருங்கொடை அன்று. பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒருவர், முனிவர் மீது மழைத்துளி விழாதிருக்கக் கொடுத்த கூரை. சிராவக தருமத்தின் முதல் எழுத்துப் பதிவுகள் இத்தகைய எளிய கொடைகளாகவே இருக்கின்றன.

இதே குன்றில் ஏறத்தாழ 1000 ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனி ஒன்றும் உள்ளது. அதன் கீழ் அச்சணந்தி அடிகளின் பெயர் வட்டெழுத்தில் காணப்படுகிறது. ஒரே பாறையில் தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்துமாக இரண்டு காலங்கள் சில அடி இடைவெளியில் அமைந்திருக்கின்றன.

விக்கிரமங்கலமும் சித்தர்மலையும்

செக்கானூரணியிலிருந்து வடக்கே சென்றால் விக்கிரமங்கலம். ஊரருகே உள்ள உண்டாங்கல் என்னும் குன்றிலும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிப் பெயர்களும் உள்ளன. குவிரன், அந்தை, ஆதன் என்பன போன்ற அப்பெயர்கள் அக்காலத்துத் தமிழ் மக்களின் அன்றாடப் பெயர்கள். ஒவ்வொரு படுக்கையையும் ஒருவர் செய்வித்துத் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். இன்று ஆலயத் திருப்பணியில் ஒரு விளக்குக்கு, ஒரு படிக்கு, ஒரு தூணுக்கு எனக் குடும்பங்கள் பொறுப்பேற்பது போன்ற ஏற்பாடு அன்றே இருந்திருக்கிறது.

மேலும் வடக்கே வைகையைக் கடந்தால் நிலக்கோட்டைப் பக்கத்து மேட்டுப்பட்டி. அங்குள்ள சித்தர்மலைக் குகையில் ஒரு படுக்கைக்கருகே உள்ள கல்வெட்டு, மதுரையைச் சேர்ந்த அத்திரன் என்னும் அமணரின் உறையுள் அது என்று தெரிவிக்கிறது. மதுரை என்ற ஊர்ப்பெயர் ‘மதிரை’ என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. மதுரையின் பெயரும் அமணர் என்ற சொல்லும் ஒரே வரியில் அமைந்த மிகப் பழைய சான்று என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

முத்துப்பட்டி: முசிறியிலிருந்து வந்தவர்

தேனிச் சாலையிலிருந்து தெற்கே விலகினால் முத்துப்பட்டியும் அதன் பெருமாள்மலையும். இங்கும் குகைத்தளம், கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமி எழுத்துகள். அவற்றுள் ஒன்றில் முசிறி என்ற பெயர் வருகிறது. முசிறியைச் சேர்ந்த கோடன் என்பாரின் பெயரை அது சுட்டுகிறது. சேர நாட்டு மேலைக் கடற்கரையில், யவனக் கலங்கள் மிளகுக்காக வந்து நின்ற துறைமுகம் முசிறி. அத்துறையின் பெயர் மதுரை அருகே ஒரு முனிவர் குகையில் எப்படி இடம்பெற்றது?

விடை இக்குன்றுகள் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து மேற்கே நாகமலையை ஒட்டிச் சென்று, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மேற்குமலை ஏறும் வழி சேர நாட்டிற்குரிய பழைய வழிகளுள் ஒன்று. கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், முத்துப்பட்டி மூன்றும் அவ்வழியின் இருமருங்கிலும் உள்ளன. வணிகரும் முனிவரும் ஒரே சாலையைப் பயன்படுத்தினர். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், பாணித வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் எனப் பலரும் கொடையாளராகக் காணப்படுகின்றனர். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு, கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை, அறுவை என்பது துணி. மாங்குளத்தில் வெள்ளறை நிகமம் என்னும் வணிகக் குழுவே கொடையளித்திருக்கிறது. திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு ஒன்றில் ஈழத்தைச் சேர்ந்த இல்லறத்தார் ஒருவர் இடம்பெறுகிறார். ஆக, மதுரையின் குன்றுகளில் மேலைக் கடற்கரையும் ஈழமும் ஒருசேர வந்து கலந்துள்ளன. ஒதுங்கிய துறவியரின் தனித்த குகைகள் என்று எண்ணுவதைவிட, ஒரு பெரிய சாலை வலைப்பின்னலின் நிழல்தரும் நிறுத்தங்கள் என்று இவற்றைக் கொள்வதே பொருந்தும்.

கீழக்குயில்குடி: ஆசிரியரும் மாணாக்கரும்

இப்பாதையின் சிகரம் கீழக்குயில்குடிச் சமணர்மலை. தூரத்திலிருந்து பார்க்கும்போதே அதன் வழுவழுப்பான பாறைமுகம் கண்ணைக் கவரும். மலையடியில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். கல்வெட்டுகளில் திருவுருவகம் என்ற பெயரால் இம்மலை குறிக்கப்படுகிறது. சமண மரபில் பேசப்படும் மதுரையின் எண்பெருங்குன்றங்களுள் உருவகம் என்பது இதுவே எனக் கருதப்படுகிறது.

மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. குகை வாயிலில் அமர்ந்த நிலையில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி உள்ளது. நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் அவ்வுருவை ஊர்மக்கள் செட்டியார் என்று கருதினர், புடவுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. குகையின் உட்கூரையில் வளைவாக ஐந்து சிறு சிற்பங்கள். ஓர் ஓரத்தில் சிங்கத்தின் மீதேறி வில்லேந்தி, யானை மேல் வரும் பகைவனை எதிர்க்கும் இயக்கி. நடுவில் முக்குடையின் கீழ் மூன்று தீர்த்தங்கரர். மறு ஓரத்தில் அமர்ந்த இயக்கி. சீற்றமும் சாந்தமும் ஒரே வளைவில் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த அழகை அங்கே காணலாம்.

மலையின் மறுபுறம், படியேறிச் சென்றால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனையும் அதன் மேல் பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகளும் உள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் ஆகியோரை அவ்வரிசையில் அடையாளம் காணலாம். ஒவ்வொரு திருமேனியின் கீழும் வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர் பெயர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவ்வெழுத்துகள்தாம் இம்மலையின் உயிர்.

அவற்றுள் ஒன்று, அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று அறிவிக்கிறது. அச்சணந்தி மதுரைக் குன்றுகள் பலவற்றிலும், உத்தமபாளையத்திலும், வடக்கே வள்ளிமலையிலும், தெற்கே சிதறாலிலும் பெயர் பொறிக்கப்பெற்ற பெருந்துறவி. நாடு முழுதும் நடந்து அறம் வளர்த்தவர். தொண்டை நாட்டிலிருந்து குமரி வரை அவர் பெயர் கிடைக்கிறது. ஆனால் அவரைப் பெற்றவரின் பெயர் இந்த ஒரு மலையால்தான் அறியக் கிடைக்கிறது. துறந்த மகனின் வழியில் தாயும் அறம் செய்தார் என்ற செய்தியை ஒரே வரியில் கல் காத்து வைத்திருக்கிறது. இக்குன்றில் ஏறும் ஒவ்வொரு தாயும் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வது தகும்.

செட்டிப்புடவின் பெரிய திருமேனியின் கீழ் உள்ள கல்வெட்டு ஓர் ஆசிரியப் பரம்பரையையே கூறுகிறது. வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த குணசேனதேவர், அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள். மூன்றாம் தலைமுறை மாணாக்கர் தம் ஆசிரியரின் ஆசிரியர் பெயரையே தாம் தாங்கியிருக்கிறார். வேறு கல்வெட்டுகளில் ‘சட்டன்’ என்ற சொல் மாணவன் என்னும் பொருளில் வருகிறது. திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அது நினைவூட்டும். கல்விக்கூடத்தைப் பள்ளி என்று தமிழர் இன்றும் அழைப்பது எங்கிருந்து வந்தது என்பதற்கு இம்மலையைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி என்னும் பள்ளி இருந்தமைக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. அதன் அடித்தளம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

இவ்வட்டாரத்து மற்றொரு வட்டெழுத்துச் சாசனம் மேலும் ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறது. குறண்டி அட்டோபவாசி அடிகளின் வழிவந்த கனகவீரப் பெரியடிகள், அமிர்தபராக்கிரம நல்லூர் ஆகிய குயிற்குடியின் ஊரார் பேரால் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்கிறது அது. இன்றைய கீழக்குயில்குடிதான் அந்தக் குயிற்குடி. முனிவர் தம் பெயருக்காகச் செய்யவில்லை. தம்மைப் போற்றிய ஊர் முழுவதன் பெயரால் செய்தார். பள்ளிக்கும் ஊருக்கும் இருந்த பிணைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

தெற்கே ஒரு தண்ணீர்ப்பந்தல்

மேற்கூறிய கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் குறண்டி, திருமங்கலத்திற்குத் தென்கிழக்கே இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியைச் சேர்ந்தது. திருக்காட்டாம்பள்ளி என்ற அதன் பள்ளியிலிருந்து பயின்று சென்றவர்கள் சமணர்மலையில் மட்டுமன்றிக் கழுகுமலையிலும் திருமேனிகள் செய்வித்துள்ளனர். ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் நாடெங்கும் பரவியது போன்ற காட்சி அது.

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்க சோழனின் 48ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அது கி.பி. 1118ஐ ஒட்டியது. முக்குடையார் கோயிலுக்கு நிலம் விட்டதோடு, தண்ணீர்ப்பந்தல் ஒன்றை நடத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டதாக அது தெரிவிக்கிறது. வழிப்போக்கர் எச்சமயத்தவர், எக்குலத்தவர் என்று தண்ணீர்ப்பந்தல் கேட்பதில்லை. வறண்ட நாட்டில் வழியருகே நீர் வைப்பது அபயதானத்திற்கு நிகர்.

திருமங்கலத்தின் மேற்குப் பக்கத்தில் குப்பல்நத்தத்தை அடுத்த பொய்கைமலை உள்ளது. அதன் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஊர்மக்கள் அவ்விடத்தைச் சமணர் கோயில் என்றே அழைத்து, உருவங்களுக்கு எண்ணெயும் வெண்ணெயும் சாத்தி வழிபட்டு வந்துள்ளனர்.

ஏழாம் நூற்றாண்டோடு முடிந்ததா?

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் நிகழ்ந்த சமயப் பூசலோடு மதுரையில் சமணம் அடியோடு அற்றுப்போயிற்று என்பது பரவலான எண்ணம். சமணக் குடும்பங்களிலேயே பலர் அவ்வாறு நம்புகின்றனர். பாறைகள் சொல்வது வேறு.

கி.மு. 2ஆம் நூற்றாண்டையொட்டிக் கற்படுக்கைகள் தோன்றுகின்றன. வச்சிரநந்தி மதுரையில் திரமிள சங்கத்தை நிறுவியது கி.பி. 470 என்று தேவசேனரின் தரிசனசாரம் கொண்டு கணக்கிடுகின்றனர். பூசல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு 200 ஆண்டுகள் கழித்துத்தான் பேச்சிப்பள்ளத்தின் எட்டுத் திருமேனிகளும் செட்டிப்புடவின் பேருருவும் எழுகின்றன. அச்சணந்தியின் பெரும்பயணமும் அக்காலத்ததே. அதற்கும் பின் 12ஆம் நூற்றாண்டில் கோவிலாங்குளத்துத் தண்ணீர்ப்பந்தல். சமணர்மலை உச்சியில் கன்னட எழுத்திலும் ஒரு கல்வெட்டு இருப்பது, கன்னட நாட்டுச் சமணரோடு இம்மலைக்கு இருந்த உறவைக் காட்டும். ஆகவே செல்வாக்குக் குறைந்தது உண்மை, அரச ஆதரவு மாறியதும் உண்மை. ஆனால் இந்நிலத்தில் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் சமணம் வாழ்ந்ததற்குக் கல்லில் சான்று இருக்கும்போது, அழிவின் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அம்முன்னோருக்குச் செய்யும் நீதி ஆகாது. வாழ்ந்த கதையையும் சொல்ல வேண்டும்.

காத்து நின்றவர்கள்

பள்ளிகள் ஓய்ந்தன. முனிவர் வருகை நின்றது. சமணக் குடும்பங்கள் இவ்வூர்களில் இல்லாமற்போயின. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் இக்குன்றுகளை யார் காத்தனர்? கண்மாயில் மாடு குளிப்பாட்டியவரும், அய்யனாருக்குப் பொங்கல் வைத்தவரும், பொய்கைமலையில் வெண்ணெய் சாத்தியவரும்தாம். உருவம் யாருடையது என்று அவர்கள் அறியாதிருந்திருக்கலாம். ஆனால் அது வணக்கத்திற்குரியது என்பதை அறிந்திருந்தனர். செட்டியார் என்றும் பேச்சி என்றும் பஞ்சபாண்டவர் என்றும் தமக்குத் தெரிந்த பெயரிட்டுக் காத்தனர். அப்பெயர்களைப் பிழை என்று நகைப்பது எளிது. அவைதாம் உளிக்கும் வெடிக்கும் இடையே அரணாக நின்றன.

எழுத்தைப் படித்தறிந்த வரலாறும் நெடியது. மாங்குளத்து எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டறிந்தார். அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை அங்கே ஐராவதம் மகாதேவன் 1960களில் இனங்கண்டார். 2003இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இக்குகைகள் அனைத்தையும் உலக அறிஞர் முன் வைத்தது.

கல்லை எடுப்பவர்களால் வந்த ஆபத்து இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மதுரை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் கருங்கல் வெட்டியெடுத்ததால் குன்றுகள் சில உருத்தெரியாமல் போயின. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர், சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. தெருவில் இறங்கி நின்ற அவ்வூரார் பெரும்பாலும் உழவர்கள். அவர்களுக்கு முதலில் கண்மாயும் வயலும் பெரிது. ஆனால் மலை போனால் மலைநீர் போகும், நீர் போனால் கண்மாய் போகும் என்பதை அவர்கள் அறிவர். கண்மாயைக் காத்தவர்கள் அதனோடு கற்படுக்கையையும் காத்தனர். 2000 ஆண்டுகளுக்கு முன் முனிவர் இடம் தேர்ந்தபோது நீரையும் பாறையையும் சேர்த்துத் தேர்ந்ததன் பயன் இன்று இவ்வாறு விளைகிறது.

நடையும் சக்கரமும்

முனிவர் வண்டி ஏறுவதில்லை. ஈர்யா சமிதி என்னும் நெறிப்படி, முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து உயிர்களுக்குத் தீங்கின்றி நடப்பர். இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. எனினும் அருங்கலச்செப்பு போன்ற சிராவக நூல்கள் திசைவிரதத்தையும், பயனின்றித் திரிதலைத் தவிர்க்கும் விரதத்தையும் விதிக்கின்றன. பயணம் அளவோடும் நோக்கத்தோடும் அமைய வேண்டும் என்பதே அவற்றின் சாரம். புகையும் இரைச்சலும் இன்றிச் செல்லும் மிதிவண்டி, நடைக்கு அடுத்தபடியாக அந்நெறிக்கு அணுக்கமான ஊர்தி. வேகம் குறைவு, சாலையில் ஊரும் ஓணானும் அட்டையும் கண்ணில் படும், விலகிச் செல்ல நேரம் இருக்கும்.

மிதிவண்டி இவ்வூர்களுக்குப் புதிதும் அன்று. காற்றடைத்த உருளைப்பட்டையை டன்லப் 1888இல் உருவாக்கிய பின் உலகெங்கும் பரவிய ஊர்தி அது. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொழிற்சாலை தொடங்கிய பின் உழவர் வீட்டுப் பொருளாயிற்று. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பழகாத தலைமுறை அன்று இல்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருசேரக் கற்றனர். 2001-02 கல்வியாண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தால் இன்று மேல்நிலைப்பள்ளி மாணவ மாணவியர் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். கொங்கர்புளியங்குளத்துக் குன்றின் அருகே காலையும் மாலையும் மணியடித்துச் செல்லும் அப்பிள்ளைகளுக்கு, தங்கள் தாய்மொழியின் மிகப் பழைய எழுத்துகள் சில தங்கள் வழியிலேயே இருப்பதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மிகுந்த உரிமையும் கடமையும் உடையவர்கள் தமிழ்ச் சமணரே.

மார்கழி, தை மாதங்கள் இப்பயணத்திற்கு ஏற்றவை. மழை ஓய்ந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும். விடியலில் திருமங்கலத்திலிருந்து புறப்பட்டால் கொங்கர்புளியங்குளமும் கீழக்குயில்குடியும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். குடிநீரை உடன் கொண்டு செல்ல வேண்டும். பாறை சுடத் தொடங்குமுன் ஏறி இறங்குவது நலம். எழுத்துகளின் மீது சுண்ணாம்போ பொடியோ தடவிப் படம் எடுப்பதும், திருமேனிகளைத் தேய்த்துக் கழுவுவதும் கூடா. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் இவை. அய்யனார் கோயில் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு ஊர்ப் பெரியவரிடம் இரண்டு சொல் பேசிவிட்டு ஏறுவது, இத்தனை காலம் காத்தவர்க்குக் காட்டும் நன்றி.

பாகனூர்ப் பேராதன் பிடன் ஒரு கூரை கொடுத்தார். குணமதியார் ஒரு திருமேனி கொடுத்தார். குயிற்குடி ஊரார் தம் பெயரைக் கொடுத்தனர். கோவிலாங்குளத்தார் வழிப்போக்கருக்கு நீர் கொடுத்தனர். வந்தவாசியிலோ செஞ்சியிலோ இருந்து ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை இக்கண்மாய்க் கரைகளுக்கு வந்து, பிள்ளைகளுக்கு இப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்குமானால், அவ்வரிசையில் அதுவும் ஒரு கொடையாக நிற்கும்.

அறம் வளர்க. நீர் நிறைக.